எல்லை தாண்டாத மண்

ஆனி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "காலையில் மழை. பின்மதியமும் மழை. தனம் அழைத்தாள். பேரையூர் நிலம் சிவப்பாகிவிட்டதாம். விமானச் சீட்டு விசாரிக்க வேண்டும்."

நான் மலேசியாவில் தைப்பிங் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளெல்லாம் தேதி முத்திரை குத்திய கை என்பதால் எதையும் கிழமையோடு எழுதிவைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மதுரைக்குத் தென்மேற்கே, பேரையூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் என் தாத்தாவின் கரிசல் நிலம் இருக்கிறது. என் சித்தப்பா மகள் தனம் அதை உழுது விதைக்கிறாள். ஊரின் பெயரை எழுதக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டதால் எழுதவில்லை. பட்டாவில் அவள் பெயரோடு என் பெயரும் இருக்கிறது. அதைத் தவிர அந்த நிலத்துக்கு நான் செய்தது ஒன்றுமில்லை.

சிவப்பானது நிலமல்ல, அதன் படம். அந்தப் பக்கத்துக்குப் பாசனக் குழாய் வரப்போகிறது. எந்த வயலுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு தனியார் நிறுவனத்தை வைத்து மண் வரைபடம் போட்டிருக்கிறார்கள். செயற்கைக்கோள் எடுத்த படங்களையும், சில இடங்களில் அள்ளிச் சோதித்த மண்ணின் விவரத்தையும் கணினிக்குக் கொடுத்து, மற்ற வயல்களின் மண் எப்படிப்பட்டது என்று அதையே கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பச்சை என்றால் நல்ல மண். சிவப்பு என்றால் களர், உப்பேறியது, குழாய் கிடையாது. மறுப்புச் சொல்ல அடுத்த வாரத் திங்கள்கிழமை கடைசி நாள். பட்டாவில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"வானத்துல இருந்து பாத்துட்டு என் நிலம் உப்புங்கிறாண்ணே," என்றாள் தனம் தொலைபேசியில். "நான் அதுலதான் நின்னுக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா? வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

வியாழக்கிழமை மதுரையில் இறங்கினேன். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். பட்டறை வாசல்களில் வெல்டிங் பொறி தெறிக்க, எங்கள் ஆட்டோ உள்ளே இருக்கும் இடத்தைவிட அதிகமான ஆட்களோடு சாய்ந்து சாய்ந்து போனது. ஓட்டுநரின் இருக்கையிலேயே இன்னொருவர் பாதி உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊருண்ணே?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"மலேசியா. தைப்பிங்."

"சிங்கப்பூரா! மாப்ள, கொஞ்சம் தள்ளி ஒக்காரு. சிங்கப்பூர்க்காரருக்கு எடம் விடு."

நான் திருத்தினேன். "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானண்ணே," என்று அவர் விஷயத்தை முடித்துவிட்டார். அந்தப் பயணம் முழுவதும் எனக்கு அதுதான் பெயர். ஒவ்வொரு முறையும் நான் திருத்தினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் ரொட்டிச் சானாய் என்று இதன் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. அதைப் பிய்த்துக் கிண்ணத்துக் குழம்பில் தொட்டுத் தின்போம். இங்கே என்னைக் கேட்காமலேயே பரிமாறியவர் என் பரோட்டாவைக் கையால் நொறுக்கி, வாளியிலிருந்து சால்னாவை ஊற்றி மூழ்கடித்தார். நான் முகம் சுளித்திருக்க வேண்டும். "ஊறணும்ணே," என்றார் கண்டிப்பாக. "ஊறாம திங்கிறதுக்கு எதுக்குப் பரோட்டா?" தின்றேன். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

பேருந்து உசிலம்பட்டியைத் தாண்டியதும் நின்றது. எஞ்சினில் ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். எல்லோரையும் இறங்கச் சொன்னார் நடத்துநர்.

"போன வாரமும் இதே எடத்துலதான் அறுந்துச்சு," என்றார் கூடையோடு இருந்த ஒரு பெண்.

"அதுக்கு இந்த எடம் புடிச்சுப்போச்சுக்கா. என்ன செய்யச் சொல்ற?" என்றார் நடத்துநர்.

சாலையோரத்தில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றார்கள். பருத்திக்கொட்டையை அரைத்துப் பாலெடுத்துக் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. அதைக் குடித்தபடி நின்றபோதுதான் அந்தப் பூமியை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை வெறும் மண். அறுவடை எப்போதோ முடிந்து, உழவும் விழாமல், கருப்பாக வெடித்துக் கிடந்தது. தைப்பிங்கில் நான் மண்ணைப் பார்த்தவனே இல்லை என்று தோன்றியது. அங்கே ஒரு வாரம் விட்டால் தபால் பெட்டியின் மேலேயே புல் முளைக்கும். இங்கே மறைக்க எதுவும் இல்லாமல் நிலம் முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு வசதிதான்.

அன்றிரவு தனம் சோறும் சாம்பாரும் போட்டாள். சாம்பாரில் கடுகு இல்லை, கறிவேப்பிலை பொரிந்த வாசனை இல்லை. பருப்பு வெந்த தண்ணீர் மாதிரி இருந்தது. தனத்துக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கணவரை இழந்த பிறகும் ஒரு பட்டம் விடாமல் பருத்தியும் கொத்துமல்லியும் போட்டு வருகிறவள். அவளிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினேன்.

"என்னண்ணே, தாளிக்கலைன்னு பாக்குறீங்களா? பிடிமண் குடுத்தாச்சு. குதிரை எடுக்குற வரைக்கும் இப்படித்தான்."

அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழா அது. கண்மாயிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் குயவர் கையில் கொடுத்து, குதிரை செய்யச் சொல்வார்கள். அந்தப் பிடிமண் கைமாறிய நாளிலிருந்து குதிரைகள் கோயிலில் போய் நிற்கும் வரை ஊருக்குக் கட்டுப்பாடு. எண்ணெய்ச் சட்டி காயக் கூடாது. பச்சை மரத்தை வெட்டக் கூடாது. கல்யாணம் கூடாது.

"இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று அவள் பேச்சிலேயே கேட்டேன்.

"அது இருக்கு ஏகப்பட்டது. நீங்க சோத்தப் பாருங்க, ஆறுது."

நான் அப்போது அந்த ஏகப்பட்டதை விசாரித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வயலுக்குப் போனோம். பருத்திமார் பிடுங்கிய வெறும் கரிசல். வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போனது. தனம் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். ஊரைச் சுற்றி மிளகாய் காயப்போட்ட மாதிரி சிவப்பு. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தேன். நடுவில் எங்கள் வயல். அங்கிருந்து நாலாபக்கமும் பரவிப் பக்கத்து வீட்டுக்காரர் சோலையின் நிலம், அதற்கு அப்பால் இன்னும் பலருடைய நிலம் என்று போனது. தூரம் போகப் போகப் பச்சை.

"நம்ம வயலுலதான் நோவு மாதிரி," என்றேன்.

"வாய அலம்புங்க," என்றாள் தனம். கேலியாகச் சொல்லவில்லை.

அவளுடைய மாடு கன்று ஈனும் தறுவாயில் இருந்தது. நான் மட்டும் மதுரைக்குத் திரும்பிப் போய், ஆரப்பாளையத்தில் பாத்திரக்கடைக்கு மேலே இருந்த நிறுவன அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கே என்னிடம் பேச அனுப்பப்பட்டவள் மெர்லின். அவனியாபுரத்துப் பெண், முப்பதுக்குள் இருக்கும். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த வரைபடத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"சேட்டிலைட் மண்ண நேராச் சோதிக்காது சார்," என்றாள். "வெறும் தரை மேல வெயில் பட்டுத் திரும்புற வெளிச்சத்தைத்தான் பாக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் அதுல சேத்தி. அங்கங்க உண்மையான மண்ண எடுத்து லேப்ல பாத்து, இந்த மாதிரி வெளிச்சம்னா இந்த மாதிரி மண்ணுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடுப்போம். அப்புறம் மண்ணு எடுக்காத எடத்துக்கும் அதுவே சொல்லிரும்."

"தவறாகச் சொல்லிக்கொடுத்தால்?"

"தப்பாவே சொல்லும். ரொம்பத் தைரியமாச் சொல்லும்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எத்தனை இடத்தில் மண் எடுத்தார்கள் என்று கேட்டேன். அவள் கணினியில் தேடினாள். முகம் மாறியது. அந்த வட்டாரத்துக்கே ஒரே ஒரு மண் மாதிரிதான். சென்ற ஆண்டு இதே ஆனியில், எங்கள் வயலில் எடுத்தது. மண் எடுக்க ஒப்பந்தத்தில் வந்த ஆள், இடத்தைப் பதியக் கைபேசியை அழுத்தியது எங்கள் வேப்பமரத்தடியில். ஆய்வக முடிவு: கடுங்களர்.

நான் தனத்தை அழைத்தேன். மெர்லின் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன். அறையில் இருந்த மேலாளரும் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, போன வருஷம் உங்க வயல்ல எடுத்த மண்ணு அவ்வளவு உப்பா இருக்கே?" என்றாள் மெர்லின்.

"அது வயல் மண்ணு இல்ல தாயி," என்றது தனத்தின் குரல், கொஞ்சமும் பதறாமல். "மடைக்குக் கீழ உவர்மண் திட்டு இருக்குல்ல, முன்னாடி துணி வெளுக்க அள்ளிட்டுப் போவாங்களே, அது. நாந்தானே அள்ளிக் குடுத்தேன்."

பக்கத்து மேசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

மேலாளர் எழுந்து வந்தார். "அம்மா, நீங்க குடுத்தது ராங் சாம்பிள். தெரிஞ்சே குடுத்திருக்கீங்க."

"நீங்க யாருங்க?"

"மேனேஜர்."

"மேனேசர் சார், வந்த ஆளுகிட்ட வயல் மண்ணு தர முடியாதுன்னு சொன்னேன். பிடிமண் குடுத்த பெறகு எங்க ஊரு வயல் மண்ணு எல்லையத் தாண்டாது. ஒரு குத்துக்கூட. எனக்கு இன்னைக்கு ஒரு பை நெறையணும்க்கா, எந்த மண்ணுன்னாலும் குடுங்கன்னாரு. வெயில்ல வந்த மனுசன், மோரு குடுத்து மரத்தடில ஒக்கார வச்சுட்டு, வயல் இல்லாத மண்ணா அள்ளியாந்து குடுத்தேன். அவரு மோரக் குடிச்சுக்கிட்டே செல்லுல தட்டுனாரு. எது ராங்கு?"

மெர்லின் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். கருத்த கரிசல் திருப்பி அனுப்பிய வெளிச்சத்தைக் காட்டி, இதுதான் களர் என்று கணினிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் அதை நம்பி, அதே வெளிச்சம் வந்த பக்கத்து வயல்களுக்கெல்லாம் சிவப்புப் பூசிவிட்டது.

மேலாளர் எளிய வழி சொன்னார். சரியான வயல் மண்ணை இப்போது எடுத்து அனுப்பினால் சனி, ஞாயிறு வேலை பார்த்துத் திங்களுக்குள் முடிவு தரலாம்.

"குதிரை எடுத்த பெறகு அனுப்புறேன்," என்றாள் தனம்.

குதிரை எடுப்பது அடுத்த மாதம்.

"சார், இதெல்லாம் மூடநம்பிக்கை," என்றார் மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி. நானும் வெளிநாட்டுக்காரன், என்னோடு பேசினால் புரியும் என்று நினைத்திருப்பார். எனக்கும் அதுவரை அந்தக் கட்டுப்பாட்டின் மேல் பெரிய மரியாதை இருந்தது என்று சொல்ல முடியாது. தாளிக்காத சாம்பாரை இரண்டு வேளை தின்றவன் நான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்கள் நாட்டு விமான நிலையத்தில் மண் கொண்டுவரக் கூடாது என்று பலகை இருக்கிறது," என்றேன். "பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். என் மனைவி ஒரு துளசிச் செடியை வேர்மண்ணோடு கொண்டுபோய்ப் பறிகொடுத்தாள். அதை யாரும் மூடநம்பிக்கை என்று சொன்னதில்லை."

"அது சயின்ஸ் சார். நோய் பரவும்."

"காரணம் வேறு. இரண்டு இடத்திலும் மண் எல்லைக்கு உள்ளேதான் நிற்கிறது. அங்கே நீங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பீர்கள். இங்கே மட்டும் ஏன் சிரிக்கிறீர்கள்?"

என் வயதுக்கு அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பவும் அந்த அறைக்குப் போனால் அதைத்தான் சொல்வேன்.

கைபேசியிலிருந்து தனம் பேசினாள். "மண்ணு வராது சார். மெஷினு வரட்டும்."

மேலாளர் முடியாது என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். மெர்லின் மறுப்பு விண்ணப்பத்தின் விதிகளை எடுத்துப் படித்தாள். உரிய முறையில், தகுதி பெற்றவர் சோதித்த முடிவு வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. அந்தத் தகுதி அவளுக்கு உண்டு. எந்த இடத்தில் சோதிக்க வேண்டும் என்று இல்லை. கண்ணாடி போட்டு நானும் படித்தேன். இல்லைதான்.

"ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சு வாரேன் சார்," என்றாள் தணிந்த குரலில். "லீவு நாள் எங்க போறேன்னு யாரும் கேக்க முடியாதுல்ல."

சனிக்கிழமை ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் பேசியதைத் தனமே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். முதலில் எழுந்தவர் சோலை. அவருடைய வயல்தான் எங்கள் வரப்பை அடுத்து இருக்கிறது, அதுவும் முழுச் சிவப்பு.

"ஒனக்குக் கட்டுப்பாடுன்னா ஒன் வயலோட போகணும். ஒன்னால என் நிலமும்ல செவந்துபோச்சு?"

"ஏண்டா சோலை, அன்னைக்கு அந்த ஆளு பையோட நின்னப்ப நீ எங்க நின்ன? எனக்குப் பின்னாடி நின்னு, வயல் மண்ணுல கைய வச்சா நடக்குறதே வேறன்னு கத்துனவன் யாரு?"

கூட்டம் சிரித்தது. சோலையும் கொஞ்சம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இன்னும் கோபமானார். "சரி, அது அப்ப. இப்பத் தண்ணி போகுதே! இருட்டுனதுக்கு அப்புறம் ஒரு பை மண்ணக் கட்டி வண்டில போட்டுவிட்டா எவனுக்குத் தெரியும்? குதிரையா வந்து கேக்கப்போகுது?"

பலர் தலையாட்டினார்கள். அதில் நியாயம் இருந்ததை மறைக்க மாட்டேன். மழையை நம்பிப் புரட்டாசியில் விதைத்துவிட்டு மார்கழி வரை வானத்தைப் பார்க்கிறவர்கள் அவர்கள். குழாய் இந்த முறை தாண்டிப்போனால் மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் மழைக்கு அலுத்த ஊர்க்காரன், எனக்கு வாய் திறக்க உரிமை இல்லை.

தனம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"எனக்குத் தண்ணி வேண்டாம்னு எவன்கிட்டயாச்சும் சொன்னேனா? ஒங்க எல்லாரையும்விட எனக்கு வேணும். எனக்குச் சம்பாரிச்சுப் போட ஆளில்ல. ஆனா நம்ம மண்ண நாமளே திருட்டுத்தனமா ஒளிச்சுக் கடத்தி, அவன் முன்னாடி கொண்டுபோய் வச்சு, நல்லாப் பாருங்க சாமின்னு கெஞ்சணுமா? தப்பா எழுதுனது அவன். வானத்துல அம்புட்டு ஒசரத்துல இருந்து பாக்கத் தெரிஞ்சவனுக்கு, ஆரப்பாளையத்துல இருந்து பஸ் ஏறத் தெரியாதா? நாளைக்கு அந்தப் புள்ள வருது. என் வயல்ல மொதல்ல பாக்கட்டும். சரியா வரலைன்னா, அப்புறம் ஒங்க இருட்டு வண்டியப் பேசுவோம்."

யாரும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் இருட்டு வண்டியும் அன்று போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெர்லின் சர்ச்சுக்குக் கட்டிய சேலையிலேயே பேருந்தில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேன். சிறிய எடைத் தராசு, கண்ணாடிக் குவளைகள், பேனா மாதிரி இரண்டு அளவுமானிகள். ஒன்று மண்ணின் களர்த்தன்மையைச் சொல்லும், மற்றது உப்பை. அவற்றைச் சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டு எடுத்து வந்திருந்தாள். திங்களன்று கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வயலில் ஐந்தாறு இடத்தில் மண்வெட்டி ஆழத்துக்கு வெட்டி, சுரண்டி எடுத்துக் கலந்தாள். நொறுக்கிச் சலித்தாள். நிறுத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தெளியட்டும் என்று வேப்பமரத்தடியில் வைத்தாள். ஊரில் பாதி வரப்பில் நின்றது. காத்திருந்த நேரத்தில் தனம் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயம். கட்டுப்பாட்டு நாட்களில் நான் தின்றதிலேயே குறையே தெரியாத சாப்பாடு அதுதான். கூழுக்கு எப்போதும் தாளிப்பு கிடையாதே.

"ஒங்க வேதத்துல இந்த மாதிரி ஏதும் இருக்கா தாயி?" என்று சோலை மெர்லினிடம் கேட்டார்.

"மண்ணுக்கு இல்லண்ணே. எங்க அம்மா பெரிய வெள்ளிக்கு முன்னாடி நாப்பது நாளும் கறி எடுக்க மாட்டாங்க. நான் ஆபீஸ் பக்கத்துல பிரியாணி தின்னுட்டு வாயத் தொடச்சுட்டுப் போவேன்."

"அப்ப நீ நம்ம ஆளுதான்," என்றார் சோலை.

அளவுமானியை முதல் குவளையில் விட்டாள். எண் ஓடி எட்டைச் சற்றே தாண்டி நின்றது. உப்புப் பேனா அசையவே இல்லை என்று சொல்லலாம்.

"கரிசலுக்கு இதுதான் சரியான அளவு," என்றாள் மெர்லின். பிறகு உவர்மண் திட்டிலிருந்து ஒரு கை அள்ளி வரச் சொல்லி அதையும் கலக்கிப் பார்த்தாள். எண் பத்தைத் தாண்டியது. "போன வருஷ ரிசல்ட்டு இதுதான். லேப்புல தப்பே இல்ல. அந்தச் சாம்பிள அழிக்கக் கூடாது சார். அது நல்ல சாம்பிள்தான், நிக்கிற எடந்தான் தப்பு. மடைக்குக் கீழ நகத்தி வைக்கணும்."

அதன் பிறகு வரப்பில் நின்றவர்கள் வரிசையாகிவிட்டார்கள். "என் வயலையும் பாரு தாயி", "என்னுது இங்கனதான்". சோலை தன் வயலுக்கு முதலிடம் பிடித்தார். மூன்றாவது வயலிலேயே கேன் காலி. கண்மாய்த் தண்ணீரை ஊற்ற முடியாது. அதில் உள்ள உப்பும் சேர்ந்துவிடும். அப்போது சோலைதான் பேரையூரில் பேட்டரிக் கடைக்கு வண்டியை விரட்டி, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை இரண்டு கேன் வாங்கி வந்தார். மெர்லின் உப்புப் பேனாவை அதில் விட்டாள். அசையவில்லை. "இதுவும் வடிச்ச தண்ணிதான். ஊத்துங்க," என்றாள். வெளிச்சம் இருக்கும் வரை சோதனை நடந்தது.

முடிந்ததும் தனம் ஒவ்வொரு குவளைச் சேற்றையும் அதனதன் வயலிலேயே கொட்ட வைத்தாள். குவளையைக் கழுவிய தண்ணீரையும் அங்கேயே. சல்லடையைத் தட்டினாள். மெர்லினின் செருப்பையும் என் காலணியையும் வரப்பிலேயே கழுவச் சொன்னாள்.

"அப்ப டவுன் பஸ் டயரையும் கழுவணும்லத்தா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"டயருக்குத் தானா ஒட்டுது. நாம எடுத்துக் குடுக்கல. வாய மூடிக்கிட்டு வாளியத் தூக்கு."

பேருந்துக்குக் காத்திருந்தபோது மெர்லின் ஒரு விஷயம் சொன்னாள். சென்ற ஆண்டு ஆனியிலும் ஆடியிலும் இந்தச் சமவெளி முழுக்க மண் மாதிரி எடுத்திருக்கிறார்கள். தரை வெறுமையாக இருக்கும் பருவம் என்று அவளே சொன்ன யோசனை. குதிரை எடுக்கும் ஊர்களுக்கும் அதுதான் பருவம். "எந்தெந்த ஊர்ல எந்தெந்த அக்கா மோர் குடுத்தாங்கன்னு நான் யார்கிட்ட சார் கேக்குறது?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வோர் ஊராகப் போய்க் கேட்கத்தான் போகிறேன் என்றாள், பேருந்தில் ஏறும்போது.

திங்கள்கிழமை தனமும் நானும் சோலையும் ஆரப்பாளையத்து மாடிக்குப் போனோம். மெர்லின் கையெழுத்திட்ட முடிவுகளோடு எல்லோருடைய மறுப்பையும் நீட்டினோம். மேலாளர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். மெர்லினைப் பார்த்தார். அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் முதுகு நிமிர்ந்தே இருந்தது. விதியில் இடம் குறிப்பிடவில்லை என்பதை நான் மறுபடி படித்துக் காட்டினேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது, தேதி இல்லை.

"தேதி?" என்றேன்.

"எண்ட்ரி போடும்போது சிஸ்டம்லயே விழுந்துரும் சார்."

"கடைசி நாளன்று வாங்கும் தாளில் தேதி இல்லையென்றால், அது நாளைக்குக் கொடுத்த தாள் ஆகிவிடும். போடுங்கள்."

தேதி முத்திரை இல்லையாம். கையால் எழுதச் சொன்னேன். அதற்கு அதிகாரம் இல்லையாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் இரு பக்கமும் தனமும் சோலையும் உட்கார்ந்தார்கள். தனம் பையிலிருந்து சீனிச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, அறையில் இருந்த எல்லோருக்கும் நீட்டினாள், மேலாளருக்கும். பொட்டலம் பாதியாவதற்குள் அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு தாளிலும் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சிங்கப்பூர்க்காரரு பிடிச்சா விடமாட்டாரு போல," என்றார் சோலை படி இறங்கும்போது.

"மலேசியா," என்றேன்.

நான் தைப்பிங் திரும்பிய பிறகு நடந்தவற்றில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு. குதிரைகள் கோயில் போய்ச் சேர்ந்தன. மறுநாள் தனம் வீட்டில் கடுகு வெடித்த சத்தத்தை தொலைபேசியில் என்னைக் கேட்க வைத்தாள். உவர்மண் மாதிரியை மடைக்குக் கீழே நகர்த்திவிட்டதாக மெர்லினிடமிருந்து செய்தி வந்தது. புதிய வரைபடம் வந்துவிட்டது, பச்சைதான் என்றார் சோலை. அந்தப் படம் வெளிநாட்டில் திறக்காது. திறந்து பார்க்க முயன்ற ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் திரைதான் வந்தது.

கடைசியாக இந்த வாரம் தனம் ஒரு புகைப்படம் அனுப்பினாள். கருப்பு மண்ணில், ஒரு வரப்பை ஒட்டி, சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சி ஒன்று நட்டிருக்கிறது. குழாய் போகும் தடத்துக்கு அளந்து அடித்தார்களாம். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது எங்கள் வரப்பா, சோலையின் வரப்பா, அதற்கும் அப்பால் போகும் வரப்பா என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே கரிசல். வேப்பமரம் படத்துக்குள் வரவில்லை. அழைத்துக் கேட்டேன்.

"இங்கிட்டு வந்து பாருங்க சிங்கப்பூர்க்காரரே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகவே குச்சி நிற்பது எங்கள் வயலில்தானா என்பது, இதை எழுதி முடிக்கும் இந்த வெள்ளிக்கிழமை வரை, என்னால் உறுதி செய்யப்படவில்லை.